ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும்: டூயல் பூட் செய்யும் முறை

லினக்ஸ் இன்ஸ்டாலர் ஓடி முடிக்க இருபது நிமிடம்கூட ஆகாது. டூயல் பூட்டில் மாட்டிக்கொள்பவர்கள் அந்த இருபது நிமிடத்தில் மாட்டுவது குறைவு. அதற்கு முன்பு விண்டோஸ் பக்கத்தில் செய்யாமல் விட்ட நான்கைந்து வேலைகள்தான் பிறகு வந்து காலை வாரும். இரண்டு இயங்குதளங்களும் ஒரே நேரத்தில் ஓடப்போவதில்லை என்றாலும், ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் என்ற கதைதான். டிஸ்க் பொது. பூட் கோப்புகள் இருக்கும் சின்ன பார்டிஷன் (டிஸ்கில் தனியாகப் பிரித்த பகுதி) பொது. மதர்போர்டில் இருக்கும் கடிகாரமும் பொது. வருகிற சிக்கலில் பெரும்பகுதி இந்த மூன்றில் ஒன்றைச் சேர்ந்ததாக இருக்கும்.

இன்னொரு கேள்வியையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்: உண்மையிலேயே டூயல் பூட் தேவையா? லினக்ஸ் கட்டளைகளைப் பழகிப் பார்க்க விண்டோஸுக்குள்ளேயே ஓடும் டபிள்யூஎஸ்எல் போதும். டெஸ்க்டாப்பைப் பார்க்கவேண்டும் என்றால், விண்டோஸுக்குள் ஒரு சாளரத்தில் லினக்ஸை ஓட்டிக் காட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் போதும். கிராபிக்ஸ் கார்டின் முழு வேகமும் வேண்டும், ரேம் குறைவு, தினமும் லினக்ஸில்தான் வேலை என்ற நிலையில்தான் டூயல் பூட்டுக்கு மெனக்கெடுவதில் பொருள் உண்டு.

இந்த வழிகாட்டி, விண்டோஸ் 10 அல்லது 11 ஏற்கெனவே இருக்கும் கணினியில் உபுண்டு 24.04 அல்லது லினக்ஸ் மின்ட் சேர்ப்பதை வைத்து எழுதப்பட்டது. ஃபெடோரா, டெபியன் போன்றவற்றுக்குத் திரைகள் மாறும், கணக்கு மாறாது.

எந்த மோடில் பூட் ஆகிறது?

ஸ்டார்ட் மெனுவில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடித் திறங்கள். அதில் 'பயாஸ் மோட்' என்ற வரியில் 'யூஇஎஃப்ஐ' (புதிய பூட் முறை) என்றோ 'லெகசி' (பழைய முறை) என்றோ இருக்கும். கீழே 'செக்யூர் பூட் ஸ்டேட்' என்ற வரியும் இருக்கும்; நம்பகமான கையொப்பம் உள்ள நிரல்களை மட்டும் பூட் ஆக விடும் பாதுகாப்பு அது. இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் எந்த மோடில் இருக்கிறதோ, லினக்ஸும் அதே மோடில் இன்ஸ்டால் ஆகவேண்டும். ஒன்று யூஇஎஃப்ஐயிலும் மற்றொன்று லெகசியிலும் இருந்தால், எதற்குள் போவது என்று கேட்கும் க்ரப் (லினக்ஸோடு வரும் பூட் நிரல்) மெனுவிலிருந்து இன்னொன்றுக்குப் போக முடியாது. ஒவ்வொரு முறையும் பயாஸுக்குள் போய் மாற்றவேண்டியதுதான்.

லெகசி என்று வந்தால் டிஸ்க் பெரும்பாலும் எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருக்கும். அதில் நான்கு பிரைமரி பார்டிஷனுக்கு மேல் வைக்க முடியாது. 2 டிபிக்கு மேல் இடத்தைப் பயன்படுத்தவும் முடியாது. பழைய லேப்டாப்களில் நான்கையும் தயாரிப்பாளரே நிரப்பி வைத்திருப்பார். மதர்போர்டு யூஇஎஃப்ஐயை ஆதரித்து, பிரைமரி பார்டிஷன்கள் மூன்றுக்கு மேல் இல்லாமலும் இருந்தால், விண்டோஸோடு வரும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவியால் தரவை அழிக்காமலே ஜிபிடி என்ற புதிய பிரிப்பு முறைக்கு மாற்றலாம். விண்டோஸ் 10இன் 1703ஆம் பதிப்பிலிருந்து அது உண்டு. மாற்றிய பிறகு பயாஸிலும் யூஇஎஃப்ஐக்கு மாற்ற மறந்தால் விண்டோஸ் எழுந்திருக்காது.

விண்டோஸில் செய்து முடிக்கவேண்டியவை

பேக்கப் முதலில். பார்டிஷன் அளவை மாற்றும்போது மின்சாரம் போனால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. முக்கியக் கோப்புகள் வெளி டிஸ்கில் இருக்கட்டும். முடிந்தால் ரெஸ்க்யூஸில்லா அல்லது க்ளோன்ஸில்லா கொண்டு முழு டிஸ்கின் இமேஜையும் எடுத்து வையுங்கள். விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவ் ஒன்றும் கைவசம் இருக்கட்டும். லினக்ஸ் போடுவதற்கு அது வேண்டாம், ஏதாவது கெட்டால் விண்டோஸ் பூட்டைச் சரிசெய்ய வேண்டும்.

அடுத்தது பிட்லாக்கர், அதாவது டிஸ்கில் இருப்பதை மறைகுறியாக்கி (என்க்ரிப்ஷன்) பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. 'நான் அதை ஆன் செய்யவே இல்லையே' என்று நினைத்துத் தாண்டிப் போகாதீர்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்நுழைந்த பல புதிய லேப்டாப்களில் 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' என்ற பெயரில் அது தானாகவே ஓடிக்கொண்டிருக்கும், ஹோம் பதிப்பிலும்கூட. செட்டிங்ஸில் 'ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதியில் (விண்டோஸ் 10இல் 'அப்டேட் அண்ட் செக்யூரிட்டி') பாருங்கள். ஆன் என்று இருந்தால், பயாஸில் எதையாவது தொட்டவுடன் விண்டோஸ் 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கக்கூடும். அது இல்லாவிட்டால் சி டிரைவ் பூட்டிய பெட்டிதான். மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் கீ இருக்கும். அதைத் தாளில் எழுதியோ செல்பேசியில் படம் எடுத்தோ வையுங்கள். அதே கணினியில் சேமிப்பது வீண்.

கீயைக் கையில் எடுத்த பிறகு, என்க்ரிப்ஷனை முழுதாக ஆஃப் செய்துவிட்டுத் தொடர்வதுதான் எளிது. அது ஆனில் இருந்தால் சில லினக்ஸ் இன்ஸ்டாலர்கள் அங்கேயே நின்றுவிடும். டிகிரிப்ட் ஆக (என்க்ரிப்ஷன் நீங்க), டிஸ்கின் அளவைப் பொறுத்து அரைமணியோ அதற்கு மேலோ ஆகலாம், முடியும்வரை காத்திருங்கள். பிறகு திரும்ப ஆன் செய்தால் ஒரு விளைவு உண்டு: க்ரப் வழியாக விண்டோஸுக்குள் போகும்போது கீ கேட்கக்கூடும். பிட்லாக்கர் கீயைக் காக்கும் டிபிஎம் சிப், பூட் ஆகும் பாதை மாறிவிட்டதாக எடுத்துக்கொள்வதே காரணம். கணினியின் சொந்த பூட் மெனுவிலிருந்து நேராக விண்டோஸைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் கேட்காது.

மூன்றாவது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். 'ஷட் டவுன்' கொடுத்தால் விண்டோஸ் உண்மையில் முழுதாக அணைவதில்லை. கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) நிலையை டிஸ்கில் எழுதிவைத்துவிட்டுத் தூங்குகிறது. அந்த நேரத்தில் லினக்ஸ் வந்து சி டிரைவில் எழுதினால், விண்டோஸ் திரும்பி எழும்போது தன் நினைவில் இருப்பதும் டிஸ்கில் இருப்பதும் ஒத்துப்போகாமல் கோப்புகள் கெடும். அதனால்தான் லினக்ஸ் அந்த பார்டிஷனைப் படிக்க மட்டும் திறக்கிறது, அல்லது திறக்கவே மறுக்கிறது. கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், 'சூஸ் வாட் தி பவர் பட்டன்ஸ் டூ' என்ற வரிசையில் போய், 'சேஞ்ச் செட்டிங்ஸ் தட் ஆர் கரன்ட்லி அன்அவைலபிள்' என்பதைச் சொடுக்கி, 'டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' டிக்கை எடுங்கள். பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு இந்த டிக் திரும்ப வந்து உட்கார்ந்திருப்பதும் உண்டு, அவ்வப்போது பாருங்கள். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால் இந்தத் தூக்கம் கிடையாது, முழுதாக அணைந்துதான் எழும்.

நான்காவது எல்லோருக்கும் வராது, வந்தால் குழப்பும். இன்டெல் ப்ராசசர் உள்ள சில லேப்டாப்களில் டிஸ்க் கன்ட்ரோலர் ஆர்எஸ்டி அல்லது ரெய்டு மோடில் இருக்கும். அப்போது லினக்ஸ் இன்ஸ்டாலருக்கு எஸ்எஸ்டி கண்ணிலேயே படாது. பென்டிரைவ் மட்டும் தெரியும். பயாஸில் அதை ஏஹெச்சிஐ என்று மாற்றவேண்டும். ஆனால் நேராகப் போய் மாற்றினால் விண்டோஸ் நீலத்திரை காட்டி நிற்கும், ஏனெனில் அந்த டிரைவரைத் தொடக்கத்திலேயே ஏற்றும்படி அது அமைக்கப்பட்டிருக்காது. வரிசை இப்படி:

1. ஸ்டார்ட் மெனுவில் 'சிஸ்டம் கான்ஃபிகரேஷன்' திறந்து, 'பூட்' தாவலில் 'சேஃப் பூட்', 'மினிமல்' என்று டிக் செய்யுங்கள்.
2. ரீஸ்டார்ட் கொடுத்து, விண்டோஸ் ஏறுவதற்குள் பயாஸுக்குள் போய் ஏஹெச்சிஐ என்று மாற்றிச் சேமியுங்கள்.
3. விண்டோஸ் சேஃப் மோடில் எழும். எழும்போதே சரியான டிரைவரை எடுத்துக்கொள்ளும்.
4. சேஃப் பூட் டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட் கொடுங்கள்.

சேஃப் மோடில் பின் எண்ணால் உள்நுழைய முடியாமல் போகலாம் என்பதால் கணக்கின் உண்மையான பாஸ்வேர்ட் தெரிந்திருக்கட்டும்.

இடம் ஒதுக்குதல்

விண்டோஸ் பார்டிஷனைச் சுருக்கும் வேலையை விண்டோஸின் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' கையில் விடுங்கள். லினக்ஸ் இன்ஸ்டாலரும் இதைச் செய்யும். ஆனாலும் விண்டோஸ் தன் டிஸ்கில் பயன்படுத்தும் கோப்பு அமைப்பான என்டிஎஃப்எஸ்ஸைப் பற்றி விண்டோஸுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

சி டிரைவில் வலது சொடுக்கு, 'ஷ்ரிங்க் வால்யூம்'. எவ்வளவு என்று எம்பியில் கேட்கும்: 50 ஜிபி வேண்டுமானால் 51200, 100 ஜிபிக்கு 102400. முடிந்ததும் 'அன்அலோகேட்டட்' என்ற கறுப்புப் பட்டை தெரியும். அதை அப்படியே விட்டுவிடுங்கள். 'நியூ சிம்பிள் வால்யூம்' போடவேண்டாம். டைனமிக் டிஸ்காக மாற்றட்டுமா என்று எங்காவது கேட்டால் கண்டிப்பாக வேண்டாம். அந்த டிஸ்கில் லினக்ஸ் போடுவது அதோடு முடிந்தது.

200 ஜிபி காலி இருக்கிறது, ஆனால் 20 ஜிபி மட்டுமே சுருக்கலாம் என்று காட்டுகிறதா? பேஜ் ஃபைல், ஹைபர்நேஷன் ஃபைல், ரெஸ்டோர் பாயின்ட்கள் போன்ற நகர்த்த முடியாத கோப்புகள் டிஸ்கின் நடுவில் உட்கார்ந்திருக்கின்றன. பேஜ் ஃபைலை 'நோ பேஜிங் ஃபைல்' என்று மாற்றி, ஹைபர்நேஷனையும் சிஸ்டம் ப்ரொடெக்ஷனையும் ஆஃப் செய்து, ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டு மறுபடி சுருக்கிப் பாருங்கள். முடிந்ததும் பேஜ் ஃபைலையும் சிஸ்டம் ப்ரொடெக்ஷனையும் பழையபடி வையுங்கள்.

எவ்வளவு ஒதுக்குவது? உபுண்டு குறைந்தது 25 ஜிபி கேட்கிறது. அதை நம்பி 25 கொடுத்தால் சில மாதங்களில் இடம் போதாமல் புலம்பவேண்டிவரும். ஸ்னாப், ஃபிளாட்பேக் செயலிகள் இடத்தை விழுங்கும்; மின்டில் பழைய நிலைக்குத் திரும்ப டைம்ஷிஃப்ட் எடுத்து வைக்கும் ஸ்னாப்ஷாட்கள் அதற்கு மேலே. 60 ஜிபிக்குக் குறையாமல் கொடுங்கள். 256 ஜிபி எஸ்எஸ்டி விண்டோஸில் 238 ஜிபி என்றுதான் தெரியும்; அதில் விண்டோஸுக்கு 150, மீதி லினக்ஸுக்கு என்பது நியாயமான பங்கு. சுருக்கிய பிறகும் சி டிரைவில் 30 ஜிபியாவது காலியாக இருக்கட்டும், இல்லையென்றால் பெரிய அப்டேட்கள் தோற்றுக்கொண்டே இருக்கும்.

பென்டிரைவ்

8 ஜிபி போதும். அதில் இருப்பதெல்லாம் அழியும். லினக்ஸ் இன்ஸ்டாலர் முழுதும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து இறக்கி, அதன் எஸ்ஹெச்ஏ256 எண் தளத்தில் கொடுத்திருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். செவன்-ஸிப் இருந்தால் கோப்பில் வலது சொடுக்கு செய்து பார்த்துவிடலாம். பாதியில் அறுந்த டவுன்லோடு இன்ஸ்டாலின் நடுவில் விளங்காத பிழையாக வெளிவரும், அதற்குப் பிறகு தேடுவது நேர விரயம்.

ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் எழுதும் செயலியான ரூஃபஸில் ஐஎஸ்ஓவைத் தேர்ந்தெடுத்து, விண்டோஸ் யூஇஎஃப்ஐ மோடில் இருந்தால் 'பார்டிஷன் ஸ்கீம்' ஜிபிடி, 'டார்கெட் சிஸ்டம்' யூஇஎஃப்ஐ என்று வையுங்கள். ஐஎஸ்ஓ மோடா டிடி மோடா என்று கேட்டால் முதலில் ஐஎஸ்ஓ மோட். பூட் ஆகவில்லை என்றால் மட்டும் டிடி. டிடியில் எழுதிய பென்டிரைவை விண்டோஸுக்குப் புரியாது, ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். பல ஐஎஸ்ஓக்களை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்களுக்கு வென்டாய் வசதி: ஒருமுறை பென்டிரைவைத் தயார் செய்துவிட்டால், ஐஎஸ்ஓக்களை வெறுமனே காப்பி செய்தால் போதும்.

பூட் செய்து பார்த்தல்

பூட் மெனுவுக்கான விசை தயாரிப்பாளருக்கு ஏற்ப மாறும். டெல், லெனோவோ, ஏசர் ஆகியவற்றில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, ஆசுஸ் லேப்டாப்களில் எஸ்கேப், எம்எஸ்ஐயில் எஃப்11. விசை பிடிபடாவிட்டால் விண்டோஸில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். வரும் நீலத்திரையில் 'யூஸ் எ டிவைஸ்' என்பதிலிருந்து பென்டிரைவைத் தேர்ந்தெடுக்கலாம். பயாஸுக்குள் போக அங்கேயே 'ட்ரபுள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ்'. மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு முறை தெரிந்தால் யூஇஎஃப்ஐ என்று எழுதியிருப்பதை எடுங்கள்.

செக்யூர் பூட்டை எடுத்த எடுப்பில் அணைக்கத் தேவையில்லை. உபுண்டு, ஃபெடோரா, ஓபன்சூசே, 2019இல் வந்த 10ஆம் பதிப்பு முதலான டெபியன் ஆகியவை மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட ஷிம் என்ற சிறு நிரலின் வழியாகத்தான் பூட் ஆகின்றன. ஆர்ச் போன்றவற்றுக்கு அது கிடையாது, அணைத்துத்தான் ஆகவேண்டும். சில புதிய லேப்டாப்களில் மைக்ரோசாஃப்டின் மூன்றாம் தரப்பு யூஇஎஃப்ஐ சான்றிதழை அனுமதிக்கும் ஒரு தேர்வு பயாஸில் ஆஃப் ஆகவே வரும். உபுண்டு பென்டிரைவையே ஏற்க மறுத்தால் அதை ஆன் செய்யுங்கள்.

லைவ் டெஸ்க்டாப் (இன்ஸ்டால் செய்யாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ்) வந்ததும் இன்ஸ்டாலரைத் தொடாதீர்கள். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, டச்பேட் ஓடுகிறதா, மூடித் திறந்தால் தூக்கத்திலிருந்து எழுகிறதா என்று பத்து நிமிடம் பாருங்கள். இங்கே ஓடாதது இன்ஸ்டால் செய்த பிறகு தானாக ஓடிவிடாது. வைஃபை மட்டும் வரவில்லை என்றால் செல்பேசியை யுஎஸ்பி டெதரிங்கில் இணைத்து வேலையை நடத்தலாம்; பெரும்பாலும் டிரைவர் கிடைத்துவிடும்.

இன்ஸ்டால்

சார்ஜரைச் செருகிவிட்டுத் தொடங்குங்கள். டிஸ்க் பற்றிய திரைவரை எல்லாம் எளிது. அந்தத் திரையில் மூன்று தேர்வுகள்: விண்டோஸ் பூட் மேனேஜருக்குப் பக்கத்தில் போடு, முழு டிஸ்கையும் அழித்துப் போடு, நானே பிரித்துக்கொள்கிறேன். நடுவில் இருப்பதைத் தவறித் தொட்டால் விண்டோஸ் போய்விடும். முதல் தேர்வு பெரும்பாலானவர்களுக்குப் போதும். அது வரவே இல்லை என்றால் பிட்லாக்கரோ, ஆர்எஸ்டியோ, மோட் மாறிப்போனதோ காரணம். திரும்பிப்போய்ச் சரிசெய்யுங்கள், இருக்கும் தேர்வில் ஒன்றைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள்.

உங்கள் கோப்புகள் இருக்கும் ஹோம் ஃபோல்டரைத் தனி பார்டிஷனில் வைக்க விரும்பினால் மூன்றாவது தேர்வு. மவுன்ட் பாயின்ட் என்பது அந்த பார்டிஷன் லினக்ஸில் எந்த ஃபோல்டராகத் தெரியும் என்பது; எக்ஸ்டி4 என்பது லினக்ஸின் கோப்பு அமைப்பு. காலி இடத்தில்:

- மவுன்ட் பாயின்ட் '/': எக்ஸ்டி4, 40 முதல் 50 ஜிபி.
- மவுன்ட் பாயின்ட் '/ஹோம்': எக்ஸ்டி4, மீதி எல்லாம்.
- ஸ்வாப் (ரேம் போதாதபோது டிஸ்கில் பயன்படும் இடம்): தனி பார்டிஷன் தேவையில்லை, உபுண்டு ஸ்வாப் கோப்பை உருவாக்கிக்கொள்ளும். லினக்ஸில் ஹைபர்நேட் வேண்டும் என்பவர்கள் மட்டும் ரேம் அளவுக்குச் சமமாக ஒன்று ஒதுக்குங்கள்.
- இஎஃப்ஐ சிஸ்டம் பார்டிஷன்: விண்டோஸ் உருவாக்கி வைத்த பழையதே. ஃபேட்32 என்று, 100 எம்பி அல்லது 260 எம்பி அளவில் தெரியும். மவுன்ட் பாயின்ட் '/பூட்/இஎஃப்ஐ'. ஃபார்மேட் டிக் இருக்கவே கூடாது.

கடைசி வரியை இரண்டு முறை படியுங்கள். விண்டோஸ் எழுவதற்கான கோப்புகள் அந்தச் சின்ன பார்டிஷனில்தான் இருக்கின்றன. அதை ஃபார்மேட் செய்தால் சி டிரைவ் முழுதாக இருந்தும் விண்டோஸ் பூட் ஆகாது.

100 எம்பி போதுமா என்ற கேள்வி வரும். க்ரப் சில எம்பிதான் எடுக்கும், அதனால் உபுண்டு, மின்டுக்குத் தாராளம். பாப் ஓஎஸ் போல கெர்னலையே அந்த பார்டிஷனில் வைப்பவற்றுக்குப் போதாது. அவற்றுக்கு 1 ஜிபி அளவில் புதிதாக ஒரு இஎஃப்ஐ பார்டிஷனை உருவாக்கிக் கொடுங்கள். ஒரே டிஸ்கில் இரண்டு இருந்தால் தவறில்லை.

முதல் பூட்

பென்டிரைவை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட். க்ரப் மெனுவில் உபுண்டுவும் 'விண்டோஸ் பூட் மேனேஜரும்' தெரியவேண்டும். முதலில் விண்டோஸுக்குள் போய்ப் பாருங்கள். டிஸ்கின் அளவு மாறியதால் ஒருமுறை டிஸ்க் செக் ஓட்டலாம், ஓடட்டும்.

மெனு வராமல் நேராக விண்டோஸ் எழுகிறதா? இன்ஸ்டால் தோற்றது என்று நினைத்து மறுபடி தொடங்கவேண்டாம். கணினியின் பூட் வரிசையில் விண்டோஸ் மேலே இருக்கிறது, அவ்வளவுதான். பயாஸில் 'உபுண்டு' என்ற பதிவை மேலே தூக்குங்கள். பழைய ஏசர் லேப்டாப்கள் சிலவற்றில் அந்தப் பதிவே தெரியாது: சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் ஒன்றை வைத்த பிறகே 'செலக்ட் அன் யூஇஎஃப்ஐ ஃபைல் அஸ் ட்ரஸ்டட்' என்ற வரி திறக்கும், அதில் உபுண்டு ஃபோல்டருக்குள் இருக்கும் ஷிம் கோப்பைக் காட்டவேண்டும். பெரிய விண்டோஸ் அப்டேட் இந்த வரிசையைத் திரும்பத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதும் உண்டு. லினக்ஸ் எங்கும் போயிருக்காது.

நேராக உபுண்டு மட்டும் எழுந்தால் கதை வேறு. 2021இல் வந்த க்ரப் 2.06 முதல், மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் பாதுகாப்புக் கருதி இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. ஈடிசி, டீஃபால்ட் ஃபோல்டர்களுக்குள் இருக்கும் க்ரப் அமைப்புக் கோப்பை ரூட் உரிமையோடு திறந்து, 'க்ரப் டிசேபிள் ஓஎஸ் ப்ரோபர்' என்ற வரிக்கு 'ஃபால்ஸ்' என்ற மதிப்பைக் கொடுங்கள் (அந்த வரியில் எல்லாம் பெரிய எழுத்து, சொற்களுக்கு நடுவே அடிக்கோடு, பல கோப்புகளில் முன்னால் ஹாஷ் குறியோடு தயாராகவே இருக்கும், குறியை நீக்கினால் போதும்). சேமித்துவிட்டு 'சூடோ அப்டேட்-க்ரப்' கட்டளை. ஓடும்போதே விண்டோஸைக் கண்டுபிடித்ததாகச் சொல்லும். அதே கோப்பில் 'க்ரப் டைம்அவுட்' என்பது மெனு காத்திருக்கும் வினாடிகள். 'க்ரப் டீஃபால்ட்' மதிப்பை 'சேவ்டு' என்றும் 'க்ரப் சேவ்டீஃபால்ட்' மதிப்பை 'ட்ரூ' என்றும் வைத்தால் கடைசியாகப் போன இயங்குதளத்திலேயே அடுத்த முறையும் நிற்கும்.

மெனு மறைந்திருந்தால் பூட் ஆகும்போது எஸ்கேப்பை ஒரே ஒருமுறை தட்டுங்கள். பதற்றத்தில் பலமுறை தட்டினால் க்ரப் கட்டளை வரிக்குள் விழுவீர்கள். அங்கே 'நார்மல்' என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் கொடுத்தால் வெளியே வரலாம்.

கடிகாரம்

லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வந்தால் நேரம் சில மணி தள்ளி நிற்கும். எதுவும் கெடவில்லை. மதர்போர்டு கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் நினைக்கிறது. அது யூடிசி (உலகப் பொது நேரம்) என்று லினக்ஸ் நினைக்கிறது. இரண்டும் மாறி மாறித் திருத்திக்கொள்கின்றன. எளிய வழி லினக்ஸ் டெர்மினலில் 'டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1' என்ற கட்டளை. கோடைகாலத்தில் நேரத்தை மாற்றும் நாடுகளில் இது ஆண்டுக்கு இருமுறை குழப்பும், அங்கே விண்டோஸை யூடிசிக்கு மாற்றுவதே நல்லது: ரெஜிஸ்ட்ரியில் 'கன்ட்ரோல்' கிளையின் 'டைம்ஸோன் இன்ஃபர்மேஷன்' பகுதியில் 'ரியல்டைம்இஸ்யுனிவர்சல்' என்ற டிவேர்டை உருவாக்கி 1 என்று வையுங்கள். இரண்டில் ஒன்று மட்டும். இரண்டையும் செய்தால் பழைய குழப்பம் தலைகீழாகத் திரும்பும்.

செக்யூர் பூட் தரும் தொல்லைகள்

என்விடியா டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டை வைக்கச் சொல்லும். அடுத்த பூட்டில் நீலத்திரையில், டிரைவரின் கையொப்பத்தை நம்பச் சொல்லும் 'என்ரோல் மோக்' என்று வரும். அதைத் தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டைத் தரவேண்டும். சில வினாடிகளே நிற்கும் அந்தத் திரையைத் தவறவிட்டால் டிரைவர் ஏறாது, திரையின் ரெசல்யூஷன் மட்டமாக இருக்கும். பலர் டிரைவரையே குறை சொல்லி மறுபடி மறுபடி போடுவது இதனால்தான்.

2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு, பழைய ஷிம் வைத்திருந்த லினக்ஸ்கள் 'எஸ்பிஏடி' என்ற சொல்லோடு 'செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்' என்று காட்டி நின்றுவிட்டன. பழைய ஐஎஸ்ஓ வைத்திருப்பவர்களுக்கு இன்றும் இது வரலாம். செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸுக்குள் போய் எல்லாவற்றையும் அப்டேட் செய்து, மறுபடி ஆன் செய்யுங்கள். பென்டிரைவே இப்படி நின்றால் புதிய ஐஎஸ்ஓ இறக்குவதுதான் வழி.

பொதுக் கோப்புகள்

லினக்ஸ் என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கும், எழுதும். விண்டோஸுக்கு எக்ஸ்டி4 புரியாது. இரண்டிலும் வேண்டிய படங்கள், ஆவணங்களுக்கு என்டிஎஃப்எஸ்ஸில் தனியாக ஒரு டேட்டா பார்டிஷன் வையுங்கள். எக்ஸ்ஃபேட் இரண்டுக்கும் புரியும்தான், ஆனால் அதில் ஜர்னல் (செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டிக் குறித்துவைக்கும் பதிவு) கிடையாது. திடீரென்று அணைந்தால் இழப்பு அதிகம். லினக்ஸின் ஹோமையே என்டிஎஃப்எஸ்ஸில் வைக்கவேண்டாம், கோப்பு உரிமைகள் குழம்பும். ஒன்றை ஹைபர்நேட்டில் தூங்க வைத்துவிட்டு மற்றொன்றில் அந்த பார்டிஷனில் எழுதுவது எந்த ஃபைல்சிஸ்டத்திலும் ஆபத்து.

இரண்டு டிஸ்க், இரண்டு விண்டோஸ், மூன்று லினக்ஸ்

டெஸ்க்டாப்பில் இரண்டாவது எஸ்எஸ்டி போட இடமிருந்தால் தயங்காமல் அதைச் செய்யுங்கள். மேலே சொன்னதில் பாதி தேவைப்படாது. ஒரு நிபந்தனை: இன்ஸ்டால் செய்யும்போது மற்ற டிஸ்கின் கேபிளைக் கழற்றிவிடுங்கள், அல்லது பயாஸில் அதை முடக்குங்கள். இல்லையென்றால் இன்ஸ்டாலர், முதலில் கண்ணில் பட்ட டிஸ்கின் இஎஃப்ஐ பார்டிஷனிலேயே பூட் கோப்புகளைப் போட்டுவிடும். விண்டோஸ் இன்ஸ்டாலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. பிறகு ஒரு நாள் அந்தப் பழைய டிஸ்கைக் கழற்றினால் இரண்டும் எழாது.

இரண்டு விண்டோஸ் வேண்டுமானால் பழையதை முதலில், புதியதைப் பிறகு. புதிய பூட் மேனேஜருக்குப் பழையதை எழுப்பத் தெரியும். ஒவ்வொன்றும் தன்னைத்தான் சி டிரைவ் என்று சொல்லிக்கொள்ளும், எழுத்தைப் பார்த்து ஃபார்மேட் செய்யாதீர்கள், அளவைப் பாருங்கள். விண்டோஸும் லினக்ஸும் என்றால் விண்டோஸ் முதலில். அதன் பூட் மேனேஜர் லினக்ஸைத் தேடிச் சேர்க்காது.

உபுண்டுவும் மின்டும் ஒன்றாக வைப்பவர்கள் கவனிக்க: இரண்டுமே இஎஃப்ஐ பார்டிஷனில் 'உபுண்டு' என்ற ஒரே பெயர் ஃபோல்டரைத்தான் பயன்படுத்துகின்றன. பின்னால் போட்டது முன்னதை மிதித்துவிடும். பின்னால் போட்டதன் க்ரப் மெனுவில் இரண்டும் தெரியும் என்பதால் உடனே சிக்கல் தெரியாது. முன்னதில் க்ரப் அப்டேட் வரும்போது மெனு திடீரென மாறிப்போகும். மூன்று நான்கு லினக்ஸ் வைப்பவர்களுக்கு ரீஃபைண்ட் என்ற பூட் மெனு நிரல் நல்ல தேர்வு. ஒவ்வொரு பூட்டிலும் இருப்பவற்றைத் தானே தேடிக் காட்டும், கெர்னல் மாறினாலும் மெனுவைப் புதுப்பிக்கத் தேவையில்லை.

லினக்ஸை நீக்க

அவசரத்தில் டிஸ்க் மேனேஜ்மென்ட் போய் லினக்ஸ் பார்டிஷனை அழிப்பவர்கள் அடுத்த பூட்டில் க்ரப் கட்டளை வரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மெனுவின் அமைப்பு லினக்ஸ் பார்டிஷனில் இருந்தது. அதைத் தேடும் க்ரப் மட்டும் இஎஃப்ஐ பார்டிஷனில் மிஞ்சியிருக்கிறது. வரிசை இது:

1. பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே கொண்டுவாருங்கள். நேராக விண்டோஸ் எழுகிறதா என்று பாருங்கள்.
2. டிஸ்க் மேனேஜ்மென்டில் லினக்ஸ் பார்டிஷன்களை மட்டும் 'டிலீட் வால்யூம்' செய்யுங்கள். எழுத்து இல்லாத எல்லாமே லினக்ஸ் அல்ல. இஎஃப்ஐ, ரெகவரி இரண்டுக்கும் எழுத்து இருக்காது. அளவை ஒப்பிட்டு அழியுங்கள்.
3. சி டிரைவில் வலது சொடுக்கு, 'எக்ஸ்டெண்ட் வால்யூம்'. காலி இடம் சிக்கு அடுத்தே இருந்தால்தான் இந்தத் தேர்வு திறக்கும். நடுவில் ரெகவரி பார்டிஷன் உட்கார்ந்திருந்தால், லைவ் பென்டிரைவிலிருந்து ஜிபார்ட்டெட் என்ற பார்டிஷன் கருவியைக் கொண்டு அதைக் காலி இடத்தின் வலது ஓரத்துக்கு நகர்த்திவிட்டு வாருங்கள்.
4. இஎஃப்ஐ பார்டிஷனில் மிஞ்சிய 'உபுண்டு' ஃபோல்டர் சில எம்பிதான், இருந்தால் கெடுதல் இல்லை. பூட் மெனுவில் அந்தப் பெயர் கண்ணை உறுத்தினால், அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் ப்ராம்ப்டில் மவுன்ட்வால் கட்டளையால் அந்த பார்டிஷனுக்கு ஓர் எழுத்தைக் கொடுத்து, ஃபோல்டரை நீக்குங்கள்; சில கணினிகளில் அதன் பிறகும் பெயர் மெனுவில் மிஞ்சலாம். பக்கத்திலேயே 'மைக்ரோசாஃப்ட்', 'பூட்' என்று இரண்டு ஃபோல்டர்கள் இருக்கும். அவற்றில் கை வைக்காதீர்கள்.